தலையில் வைக்காத செடிகள்

அத்தியாயம் 14

ராஜகீழ்ப்பாக்கத்தில் இதுவரை யார் யார் அழுதார்கள், எதற்கு அழுதார்கள் என்பது மறந்துபோனவர்களுக்காக ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்.

சுப்பராயலுவின் ஒரே மகன் குப்புராஜ், மார்கழியில் வேளச்சேரி ரோட்டில் மணல் லாரியில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்தான். காரியம் முடிந்த மறுநாள் சுப்பராயலு கடப்பாறையோடு வாசல் தோட்டத்தில் இறங்கினார். முல்லைப் பந்தல், கனகாம்பரம், டிசம்பர் பூ, பட்டன் ரோஜா என்று ஒன்றைக்கூட விடவில்லை. தாம்பரத்தில் ரன்வே போட ஏர்ஃபோர்ஸ்காரர்கள் கிளறிய மண்ணைவிட அவர் அன்று கிளறிய மண் அதிகம்.

காரணம் இருந்தது. அன்று விடிகாலையில் மருமகள் பேபி பழக்க தோஷத்தில் முல்லை மொட்டுக்குக் கையை நீட்டினாள். பிறகு நினைவு வந்து கையை இழுத்துக்கொண்டாள். அந்தக் கை திரும்பி வந்த விதத்தைச் சுப்பராயலு திகைத்துப்போய்ப் பார்த்தார். இன்னொரு தடவை அதைப் பார்க்க அவரால் முடியாது. செடியே இல்லாவிட்டால் கை நீளாது என்பது அவர் கணக்கு.

பேபி அன்றிலிருந்து முன்வாசல் பக்கம் வருவதை விட்டுவிட்டாள். தண்ணீர் பிடிக்க, கடைக்குப் போக, எல்லாம் பின்பக்க வழிதான்.

போன ஞாயிறு நாவலூரிலிருந்து அவள் அண்ணன் தசரதன் வந்தான். "அடுத்த ஞாயித்துக்கிழமை வேனோட வரேன் பேபி. வர்றதுன்னா பெட்டியைக் கட்டு. வரலைன்னா என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, காப்பி கூடக் குடிக்காமல் போனான்.

அந்த ஞாயிறு விடிந்துவிட்டது.

*

ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் சுப்பராயலுவுக்கு சிமெண்ட், செங்கல் கடை. ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலம் பிளாட்டாக மாறியபோது, வாங்கியவர்கள் வீடு கட்ட சிமெண்ட்டும் அவரிடமே வாங்க வேண்டியிருந்தது. ஒரு மூட்டை சிமெண்ட் வாங்கினால் ஒன்பது மூட்டை பேச்சு இலவசம். அவர் கதையில் வரும் சாரைப்பாம்புக்கு வால் சேலையூரில் இருந்தால் தலை செம்பாக்கத்தில் இருக்கும். சின்னத் தும்மலைக்கூட நிமோனியாவாக்கித்தான் சொல்லத் தெரியும்.

அப்பேர்ப்பட்ட வாய்க்கு, "போகாதே கண்ணு" என்ற இரண்டு வார்த்தை மட்டும் ஒரு வாரமாக வரவில்லை. அவள் போய்விட்டால் குப்புராஜ் இரண்டாம் தடவை போன மாதிரி ஆகிவிடும் என்பது அவருக்குத் தெரியும். அதைச் சொல்லி ஒரு பெண்ணை நிறுத்தி வைக்கலாமா என்பதுதான் தெரியவில்லை.

எனவே சமையல்கட்டு வாசலில் நின்று வேறு ஒன்றைச் சொன்னார்.

"பேபிம்மா, கேம்ப் ரோடு நர்சரிக்குப் போறேன். செடி வாங்கணும். நீயும் வாயேன்."

வெங்காயம் அரிந்துகொண்டிருந்த சாமுண்டீஸ்வரி நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். "மத்தியானம் அந்தப் புள்ள வேன எடுத்துகினு வருது. இப்ப இன்னா செடி?"

"கலர் செடிடி. வாசல் மொட்டையா கீது."

"யாரு மொட்டை அடிச்சது?"

சுப்பராயலு அந்தக் கேள்வியைக் காதில் வாங்காமல் பேபியைப் பார்த்தார். பேபி கையைத் துடைத்துக்கொண்டாள்.

"வரேன் மாமா" என்றாள்.

மாமியார், மாமனார் இருவரும் கொஞ்சம் பயந்துவிட்டார்கள்.

*

நர்சரிக்காரி செல்வமேரிக்குக் குரல் அப்படி. அவள் கேம்ப் ரோட்டில் ஒருவரைக் கூப்பிட்டால் கிழக்குத் தாம்பரத்தில் ரயிலேறப் போகிறவர் திரும்பிப் பார்ப்பார். பச்சை வலைக்குக் கீழே வரிசை வரிசையாகச் செடிகள், கறுப்பு பிளாஸ்டிக் கவரில். நடுவில் அவள், கையில் ரப்பர் குழாயோடு.

"வாங்க அண்ணா. காலைல மொத போணி நீங்கதான். இன்னா வேணும்?"

"கலர் கலரா வேணும்."

"ரோசு? கஷ்மீர் ரோசு வந்துகீது, பன்னீர் ரோசு கீது."

"வாணாம்."

"இட்லிப்பூ? சேப்பு, மஞ்சா ரெண்டும் கீது."

"வாணாம்."

"செம்பருத்தி அடுக்கு? நந்தியாவட்டை? சாமிக்கு ஆவும்."

"வாணாம்மா."

"குண்டுமல்லி?"

சுப்பராயலு எதிரே இருந்த குரோட்டன்ஸ் வரிசையைக் காட்டினார். "அது மாதிரி. எலையே கலரா இருக்கணும்."

அவர் ஒரு வாரம் யோசித்துக் கண்டுபிடித்த ஏற்பாடு அது. தோட்டம் நிறையக் கலர் இருக்க வேண்டும். ஆனால் தலையில் வைக்கக்கூடியது ஒன்றுகூட இருக்கக் கூடாது. குரோட்டன்ஸை உலகத்தில் எவளும் தலையில் வைக்க மாட்டாள். வைக்க முடியாததற்காக எவளும் அழவும் மாட்டாள்.

செல்வமேரி எடுத்து வைத்தாள். மஞ்சள் தெளித்த இலை. முறுக்கு மாதிரி சுருண்ட சிவப்பு இலை. கத்தி போல நீண்ட ஊதா இலை. செப்புத் தகடு நிறத்தில் ஒன்று. வெற்றிலை மாதிரி வடிவத்தில், நடுவில் ரோஸும் ஓரத்தில் பச்சையுமாக கோலியஸ். பெயின்ட் கடையில் பூகம்பம் வந்த மாதிரி இருந்தது.

பேபி முதலில் எட்டத்தில் நின்றாள். பிறகு மெல்லக் குனிந்து ஒரு இலையைத் தொட்டாள். பிறகு இன்னொன்றை. செடிகளுக்கு நடுவில் அவள் உட்கார்ந்து பல மாதங்கள் ஆகிவிட்டன. சுப்பராயலு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"இது வெயில்ல வைக்கணுமா, நிழல்லயா?" என்று கேட்டாள்.

"வெயில்லதான் பாப்பா. வெயில் பட்டாத்தான் கலர் ஏறும். நெழல்ல வச்சா அத்தினியும் பச்சையாப் பூடும்."

"அப்ப இது என் ஜன்னல் பக்கம் மாமா. அங்க காலைல வெயில் வரும்."

என் ஜன்னல். சுப்பராயலுவுக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது. பதிலாக, தேவையில்லாமல் இன்னும் நாலு செடியை எடுத்து வைத்தார்.

செல்வமேரிக்கு மனசு கேட்கவில்லை. "இத்தினி வாங்குறீங்க. ஒரு பூச்செடி கூடவா வாணாம்? சின்னப் பொண்ணு புழங்குற வூடு. மவளா?"

"மருமவ."

"அதான கேட்டேன். புருசங்காரன் இன்னா நெனைப்பான், பொண்டாட்டிக்கு ஒரு மல்லிக்கொடி கூட வைக்கலியேன்னு. அவரு வரலியா?"

பேபி கோலியஸ் இலையை விட்டுவிட்டு எழுந்தாள்.

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதர் தலையைக் குனிந்திருப்பார். செல்வமேரியும் புரிந்துகொண்டு நாக்கைக் கடித்திருப்பாள். சுப்பராயலு சாதாரண மனிதர் இல்லை. பாம்புக்கு வால் சேர்த்தே பழகிய வாய், அவருக்கு முன்னால் ஓடிவிட்டது.

"துபாய்ல கீறான்" என்றார்.

"அடேங்கப்பா. இன்னா வேலை?"

"ஏசி மெக்கானிக்கு. பெரிய கம்பெனி. மாடியே மேகத்துக்கு மேலதான். அவன் பழுது பாத்தாத்தான் ஷேக்குக்குத் தூக்கமே வரும்."

சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. நிறுத்தத் தெரியவில்லை. பேபி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமா, என்னவென்று அவருக்கு விளங்கவில்லை.

செல்வமேரிக்கு ஒரே சந்தோஷம். "அப்ப இந்தா. மொத போணிக்கு வர்ற பொம்பளைங்கள வெறுந்தலையா அனுப்ப மாட்டேன், எங்க அம்மா காலத்துலேருந்து அப்படித்தான்." பன்னீர் ரோஜா ஒன்றைக் காம்போடு கிள்ளினாள். "திரும்பு பாப்பா. புருசன் வெளியூர்ல இருந்தா இன்னா, பூ வைக்காம இருக்கலாமா? அவனுக்கு ஆவுமா அது?"

சுப்பராயலுவின் கை பாதி எழுந்தது. வேண்டாம் என்றால், ஏன் என்பாள். அதற்குப் பதில் சொல்ல, துபாயில் இருக்கிறவன் இப்போதே விழுந்து சாக வேண்டும்.

பேபி திரும்பி நின்றாள். தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துக் கொடுத்தாள்.

செல்வமேரி ரோஜாவைச் செருகி, ஹேர்பின்னால் இறுக்கினாள். "இப்ப பாரு. லட்சணமா கீது."

*

ஆட்டோவில் செடிகள் ஏறிய பிறகு மனிதர்களுக்கு இடம் கிடைத்ததே அதிசயம். மாமனாருக்கும் மருமகளுக்கும் நடுவில் ஒரு சின்னக் காடு.

சேலையூர் ஏரி ஓரமாகப் போகும்போது காட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"மாமா."

"இன்னா கண்ணு."

"அவரு எப்ப வராரு?"

சுப்பராயலு ஏரியைப் பார்த்தார். ஏரியில் அந்த வருஷம் தண்ணீர் கம்மி. எருமைகள் நின்றன.

"மன்னிச்சுக்க கண்ணு. அந்தப் பொம்பளை கேட்டதும் வாயில வந்துட்ச்சு. செத்துட்டான்னு என் வாயால யாருக்கும் இன்னும் சொன்னதில்ல. எல்லாருக்கும் தானாத் தெரிஞ்சுட்ச்சு. கேட்ட ஆளு அது ஒண்ணுதான்."

பேபியும் ஏரியைப் பார்த்தாள்.

"பரவால்ல மாமா" என்றாள். "வீடு வர்ற வரைக்கும் அவரு அங்கயே இருக்கட்டும்."

ஆட்டோக்காரன் ஒரு பள்ளத்தையும் விடாமல் இறக்கி ஏற்றினான். குரோட்டன்ஸ் எல்லாம் தலையாட்டின.

"ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"முல்லையப் புடுங்கறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?"

மார்கழியிலிருந்து அவர் காத்துக்கொண்டிருந்த கேள்விதான். இருந்தும் நெஞ்சில் கடப்பாறை மாதிரி இறங்கியது.

"நீ பாத்துப் பாத்து வெந்துடுவேன்னு நெனைச்சேன்."

"அவரு பந்தல் போட்டது மாமா அது. மூங்கில் பொளக்கத் தெரியாம கையைக் கிழிச்சுக்கிட்டாரு. நான்தான் துணி சுத்தி விட்டேன். தலையில வைக்கக் கூடாது, சரி. ஊர்ல அப்படித்தான். பார்க்கக் கூடவா கூடாது? தண்ணி ஊத்தக் கூடவா கூடாது? அவரு போனாரு. காரியம் முடிஞ்ச மறுநாள் வெளிய வந்து பார்த்தா அவரு வச்சதும் போச்சு."

சுப்பராயலுவின் ஒன்பது மூட்டையில் ஒரு மூட்டை கூட உதவிக்கு வரவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஆட்டோக்காரன் கண்ணாடியில் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு பள்ளங்களைக் கொஞ்சம் மரியாதையாக எடுத்தான்.

"அழாதீங்க மாமா. எனக்கு உங்க மேல கோபம் இருந்துச்சு. இன்னிக்குச் சொல்லிட்டேன், போயிடுச்சு." அவள் ஒரு செடியை நிமிர்த்தி வைத்தாள். "அண்ணன்கிட்ட வரலைன்னு சொல்லிடறேன். இதையெல்லாம் யாரு நடறது? நீங்க நட்டா தலைகீழா நடுவீங்க."

தெரு திரும்பியது. பேபியின் கை ரோஜாவுக்குப் போனது. "எடுத்துடறேன்."

"இருக்கட்டும்மா" என்றார் சுப்பராயலு. "இன்னும் வூடு வரல."

*

வீடு வந்துவிட்டது.

வாசலில் மெட்டடார் வேன். தசரதன் முன்கூட்டியே வந்து அதில் சாய்ந்து நின்றான். எதிர் வீட்டுக் கங்கையம்மாள் முறத்தோடு வெளியே. அவள் கண்ணில் பட்ட சங்கதி, அவள் அரிசி புடைத்து முடிப்பதற்குள் மேடவாக்கம் போய்த் திரும்பி வந்துவிடும். கேட்டைப் பிடித்தபடி சாமுண்டீஸ்வரி.

பேபி செடியோடு இறங்கினாள்.

கங்கையம்மாளின் முறம் நின்றது. அந்தத் தெருவில் அது நின்று யாரும் பார்த்ததில்லை.

சாமுண்டீஸ்வரி மருமகளின் தலையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நடந்து வந்தாள். இந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தபோது திருநீர்மலைக்குச் செருப்பில்லாமல் நடந்தவள் அவள். குப்புராஜ் போன பிறகு, பேபி சாப்பிடாமல் ஒரு வேளை சாப்பிடாதவள்.

"தெருவே பாக்குதுடி" என்றாள், மிகவும் தாழ்ந்த குரலில். "என் புள்ள செத்துட்டான்டி கண்ணு."

"நான்தான் வச்சுக்கச் சொன்னேன்" என்றார் சுப்பராயலு. அவர் சொன்னது சாமுண்டீஸ்வரிக்குக் கேட்கவில்லை.

அவள் கையை உயர்த்தினாள். பேபி நல்ல உயரம், சாமுண்டீஸ்வரி குள்ளம். எட்டவில்லை.

பேபி குனிந்தாள். செடியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, எட்டுகிற அளவுக்குத் தலையைத் தாழ்த்திக் கொடுத்தாள்.

ஹேர்பின் முடியில் சிக்கியது. சாமுண்டீஸ்வரி அழுதுகொண்டே, வலிக்காமல், ஒவ்வொரு முடியாகப் பிரித்தாள். பூவை எடுத்து முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். முறம் மறுபடி ஆடத் தொடங்கியது.

தசரதன் முகம் கறுத்துப்போயிருந்தது. அடக்கிக்கொண்டு தங்கையிடம் வந்தான்.

"சொல்லு பேபி. வரியா, இல்லியா?"

பேபி நிமிர்ந்தாள். "அண்ணா, நான் வர..."

"வருவா" என்றார் சுப்பராயலு.

எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இட்டுகினு போ தசரதா. நல்லபடியா இட்டுகினு போ."

அந்தக் குனிவை அவர் பார்த்துவிட்டார். அடிக்க வந்திருந்தால், திட்டியிருந்தால், மருமகள் பக்கம் நின்று உலகத்தையே இரண்டாக்கியிருப்பார். இது பாசம். இந்த வீட்டில் பாசமாகவே அவளைக் குனிய வைப்பார்கள், அவளும் பாசமாகவே குனிவாள். சாகும்வரை.

பேபி அருகில் வந்தாள். அவள் கண்ணில் ஈரம் இல்லை.

"இப்பவும் என்னை ஒரு வார்த்தை கேக்கல நீங்க" என்றாள்.

சுப்பராயலுவுக்கு உறைத்தது. கடப்பாறை இல்லாமலே இன்னொரு தடவை தோட்டத்தில் இறங்கியிருந்தார்.

"கேக்கறேன் கண்ணு" என்றார். "இப்ப கேக்கறேன். இங்க இருந்தா நான் சந்தோஷமா இருப்பேன், உங்க அத்தை சந்தோஷமா இருப்பா. உன்னைப் பத்தி எனக்குத் தெரியல. நீயே சொல்லு. போறியா?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். வெயில் அங்கிருந்து நகர்ந்துபோயிருந்தது. வேனைப் பார்த்தாள். அப்புறம் இடுப்பில் இருந்த செடியை மெதுவாகத் தரையில் இறக்கி, சாய்ந்துவிடாமல் ஒரு கல்லை முட்டுக் கொடுத்தாள்.

முன்வாசல் வழியாகவே உள்ளே போனாள். பெட்டி இழுபடும் சத்தம் கேட்டது.

*

பெட்டி ஏறியது. பேபி மாமியாரைக் கட்டிக்கொண்டு நின்றதைத் தெரு முழுக்கப் பார்த்தது. அவள் வேனில் ஏறி உட்கார்ந்த பிறகு, தசரதன் சுப்பராயலுவைக் காம்பவுண்டு மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. திருப்போரூர்ல ஒரு எடம் வந்திருக்கு. மொத சம்சாரம் இறந்துட்டாங்க, நல்ல மனுஷன், எலக்ட்ரிசிட்டி போர்டு. பேபிக்கு இன்னும் தெரியாது. நான் சொன்னா அது செருப்பால அடிக்கும். நீங்க சொன்னாத்தான் கேக்கும். அத்தைகிட்டயும் நீங்கதான் சொல்லணும்."

சுப்பராயலு அவன் தோளில் கையை வைத்தார். தட்டிக் கொடுக்கவா, பிடித்துக்கொள்ளவா என்று தெரியாமல் கை அங்கேயே இருந்தது. பிறகு தசரதன் அதை மெல்ல எடுத்து விட்டுவிட்டு, போய் வண்டியை எடுத்தான்.

வேன் மூலை திரும்பும்வரை நின்றார். திரும்பிப் பார்த்தால், சாமுண்டீஸ்வரி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசல் மண்ணில் குந்தியிருந்தாள். மண்வெட்டியால் குழி போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாடிப்போறதுக்குள்ள நட்டுடலாம்" என்றாள். மூக்கை உறிஞ்சினாள். "கோவம் எனக்கு இல்லீங்க. ஊரு வாயிக்குப் பயந்து எடுத்தேன். அதுக்கும் தெரியும். ஆடி முடியட்டும். நம்ம ரெண்டு பேருமே நாவலூர் போயி, கையப் புடிச்சு இட்டாந்துரலாம். வந்துரும். இல்ல?"

சுப்பராயலு அவள் எதிரே குந்தினார். சிவப்புச் செடி ஒன்றின் கவரைக் கிழித்தார். வேரோடு மண் கையில் வந்தது.

"வராதா பின்ன" என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பார், வேறு நாளாக இருந்தால். மேளதாளத்தோடு வருவாள் என்றிருப்பார். நாவலூரே திரண்டு கொண்டுவந்து விடும் என்றிருப்பார்.

"சாமுண்டி" என்றார். "அது இனிமே வராது."

மண்வெட்டி நின்றது.

"ஏன்?" என்று கேட்டாள் அவள்.